செய்திப் படத்தில் தெரியும் சிவப்பு எதன் சிவப்பு? தமிழ்ச் செய்தி அறைகளுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி ஆசிரியர்களுக்கும், வானிலைப் படத்தை எடுத்துத் திரையில் போடும் கிராஃபிக்ஸ் நண்பர்களுக்கும், இணையத்தில் தினமும் மழை பேசுவோருக்கும்,

வணக்கம்.

மாலை நாலு மணிக்கு வேலூர் பக்கம் இடி இடிக்கத் தொடங்கினால், ஐந்து மணிக்குள் திரையில் ஒரு படம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வரைபடம், அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு, அடியில் ஓடும் எழுத்தில் ‘கனமழை கொட்டுகிறது’. அந்தத் திட்டு மழை இல்லை. மேகத்தின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் நிறம் அது. அதன் கீழே கொட்டலாம், தூறலாம், ஒரு சொட்டும் விழாமலும் இருக்கலாம்.

நீங்கள் நான்கு விதமான சிவப்பைக் காட்டுகிறீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிவப்பு எச்சரிக்கை, நிர்வாகத்தைப் பார்த்து ‘நடவடிக்கை எடு’ என்று சொல்வது. மழைக்கு என்றால், 24 மணி நேரத்தில் 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்யக்கூடும் என்ற கணிப்போடுதான் அது பெரும்பாலும் வரும். ரேடார் படத்தின் சிவப்பு, மழைத்துளியிலோ ஆலங்கட்டியிலோ பட்டுத் திரும்பும் அலையின் வலிமை. செயற்கைக்கோள் அகச்சிவப்புப் படத்தின் சிவப்பு, மேக உச்சியின் குளிர். ஓசோன் வரைபடத்தின் சிவப்பு, தலைக்கு மேலே ஓசோன் அதிகம் என்பது. பார்க்கிறவருக்கு நான்கும் ஒன்றுதான்: ஆபத்து. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உங்களால் முடியும் என்பதால்தான் இந்த மடல்.

முதலில் அகச்சிவப்புப் படம். நம் தலைக்கு மேல் இப்போது வானிலைக்காக முக்கியமாக வேலை செய்பவை இரண்டு. 2016 செப்டம்பர் 8 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில் நிற்கிறது. 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் 82 டிகிரியில் நிற்கிறது. இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். ஒவ்வொன்றின் படக்கருவியிலும் ஆறு அலைவரிசைகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுக்கும் படத்துக்கு ஒரு பிக்சல் 1 கி.மீ., வெப்ப அகச்சிவப்புக்கு 4 கி.மீ., நீராவி அலைவரிசைக்கு 8 கி.மீ. நீங்கள் அதிகம் எடுத்துப் போடுவது டிஐஆர்-1 என்னும் 10.3 முதல் 11.3 மைக்ரோமீட்டர் வரையிலான அலைவரிசை. மேகம் இல்லாத இடத்தில் அது தரையின் சூட்டைப் பார்க்கும். தடித்த மேகம் வந்துவிட்டால் அதன் உச்சியை மட்டும் பார்க்கும். உள்ளே நுழையாது.

நம் ஊரில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் காற்று 0 டிகிரிக்கு வந்துவிடும். மைனஸ் 40 என்றால் ஏறக்குறைய 11 கி.மீ., மைனஸ் 60 என்றால் 13 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு அல்லது கூடுதல், மைனஸ் 80 என்றால் 16 கி.மீ.யைத் தாண்டியாயிற்று. அதற்கு மேல் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கு. ஒரு இணையதளம் மைனஸ் 40க்கே சிவப்பு தீட்டும். இன்னொரு தளம் மைனஸ் 70 வரை காத்திருக்கும். வேறொன்று மைனஸ் 80ஐக் கறுப்பாகவே காட்டும். ஆகவே நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். சுட்டியை வைத்தால் வெப்பநிலையைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள். செயற்கைக்கோள் தரவு தரும் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்து மூலக் கோப்பையே எடுப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கிடைக்கும் எச்டிஎஃப்5 வகைக் கோப்பில் இருப்பது வெப்பநிலை அல்ல, 0 முதல் 1023 வரையிலான எண்ணிக்கை. அதே கோப்பில் இருக்கும் 1,024 வரி அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி, கிடைக்கும் கெல்வினிலிருந்து 273.15ஐக் கழித்தால்தான் டிகிரி செல்சியஸ் வரும். எண்ணிக்கையை அப்படியே வரைந்தால் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அளவுகோல் பொய்.

எண் கையில் வந்தபின் பார்க்க வேண்டியது, எவ்வளவு குளிர் என்பதை விட எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஜவ்வாது மலைக்குக் கிழக்கே ஒரு திரள் மேகம், மதியம் 2.15 படத்தில் உச்சி பிளஸ் 2. 2.30க்கு மைனஸ் 9. 2.45க்கு மைனஸ் 24. 3.00க்கு மைனஸ் 43. பதினைந்து நிமிடத்துக்கு 11, 15, 19 டிகிரி என்று சரிகிறது. கால் மணி நேரத்துக்கு 4 டிகிரி இறங்கினாலே மேகம் வளர்கிறது என்று கொள்வார்கள், 8 டிகிரி இறங்கினால் மும்முரமாக எழுகிறது என்று பொருள். உச்சி 0 டிகிரியைத் தாண்டி இறங்கும் நேரத்துக்கும், ரேடாரில் உருப்படியான மழை எதிரொலி தெரியும் நேரத்துக்கும் அரை மணி வரை இடைவெளி இருக்கலாம். அந்த அரை மணிதான் செயற்கைக்கோள் நமக்குத் தரும் லாபம். ஆனால் 2.30 படத்தில் இந்த மேகத்துக்குச் சிவப்பே இருக்காது, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியாகத்தான் கிடக்கும். நீங்கள் அதைத் திரையில் காட்டுவதில்லை. மைனஸ் 70க்குப் போய்ச் சிவந்தபின் காட்டுகிறீர்கள். அப்போது கீழே பாதி ஊர் நனைந்து முடிந்திருக்கும்.

இந்தக் கணக்கில் தவறு நுழையும் இடங்கள் இரண்டு. மேகம் இளசாக, ஒன்றிரண்டு கி.மீ. அகலமே இருக்கும்போது 4 கி.மீ. பிக்சலை அது நிரப்பாது. பக்கத்துச் சுடுதரையும் சேர்ந்து சராசரியாகிவிடும், மைனஸ் 5 உள்ள உச்சி பிளஸ் 12 என்று தெரியும். அந்த நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த 1 கி.மீ. படம்தான் உதவும். மதியம் பன்னிரண்டு மணியிலிருந்தே அதைப் பாருங்கள். கடற்காற்று உள்ளே நுழையும் முனை, கரைக்கு இணையாகப் பொட்டுப் பொட்டாக மேகம் வரிசைகட்டி நிற்பதில் தெரியும். அந்த வரிசையும் மலைப்பக்கம் எழும் மேகமும் சந்திக்கும் இடத்தில் கண் வையுங்கள். இன்னொன்று, 3டிஆர் படத்தையும் 3டிஎஸ் படத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால்தான் 15 நிமிட இடைவெளி கிடைக்கும், ஒரே செயற்கைக்கோளில் அது அரை மணி. இரண்டு கருவிகளும் ஒரே மேகத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமாகச் சொல்லலாம். அதனால் இரண்டு டிகிரி ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்தி செய்யாதீர்கள்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் உறுத்துவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கும் வட மாவட்டங்களுக்கும் மாலை இடிமழை எப்படி வருகிறது? உள்ளே மேற்கில், திருப்பத்தூர், வேலூர், சித்தூர்ப் பக்கம் மேகம் எழுந்து, கீழேயும் நடுவேயும் வீசும் மேற்குக் காற்றோடு கிழக்கே, கடலை நோக்கி நகர்கிறது. ஆனால் அதே மாதங்களில் 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதற்குப் பெயர். 1950களில் அதை விவரித்தவர் நம் வானிலை ஆய்வுத் துறையின் பி. கோட்டீஸ்வரம். அதன் நடுத்தாரை ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையிலேயே ஓடுகிறது, மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில்.

இப்போது மேகத்துக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். கார்திரள் மேகத்தின், அதாவது இடிமேகத்தின் உச்சி, மேலே போக வழியில்லாமல் கொல்லன் பட்டடை மாதிரித் தட்டையாக விரிகிறது. அந்த விரிப்பைத் தாரைக்காற்று மேற்கே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அகச்சிவப்புப் படங்களை ஓட்டிப் பார்த்தால் சிவப்புத் திட்டு மேற்கே, கர்நாடகத்தை நோக்கிப் போவது போல் இருக்கும். அறிவிப்பாளரும் ‘மேகக்கூட்டம் பெங்களூரு நோக்கி நகர்கிறது’ என்கிறார். மழையோ அந்த நேரம் காஞ்சிபுரத்தைத் தாண்டி சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது. சொன்னதற்கு நேர் எதிர்!

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. திட்டின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும், எதிர்ப்பக்கம் பஞ்சாகப் பிய்ந்து மங்கும். மங்கும் பக்கம் வெறும் பனித்துகள் கீற்று, அதன் கீழே பெரும்பாலும் மழை இருக்காது. கூர்மையான விளிம்பை ஒட்டித்தான் உயிருள்ள மேகம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் அது கிழக்கு விளிம்பு. அங்கேயே ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் சுற்றிலும் உள்ளதை விட 6 டிகிரி அல்லது அதற்கு மேல் குளிர்ந்திருந்தால், மேகம் தன் கூரையை, அதாவது ஸ்ட்ராட்டோஸ்பியரின் அடியைக் குத்திக்கொண்டு மேலே போயிருக்கிறது. பலத்த காற்றும் ஆலங்கட்டியும் எதிர்பார்க்க வேண்டிய இடம் அதுதான். கீற்று எது, தடித்த மேகம் எது என்று இன்னும் உறுதிப்படுத்த டிஐஆர்-1இலிருந்து, இன்னொரு வெப்ப அகச்சிவப்பு அலைவரிசையான டிஐஆர்-2ஐக் கழியுங்கள். தடித்த மேகத்தில் வித்தியாசம் 0ஐ ஒட்டி நிற்கும். மெல்லிய கீற்று என்றால் 2, 3 டிகிரியும் அதற்கு மேலும் போகும், ஏனென்றால் கீழிருந்து வரும் சூடு அதன் வழியே கசிகிறது.

நேரம், இடம் இரண்டிலும் வரும் பிழையையும் சொல்லிவிடுகிறோம். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 1000 என்று இருந்தால் நமக்கு மாலை 3.30. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம், ஆனால் காலை பத்து மணிப் படம் என்று அதைக் காட்டியதும் நடந்திருக்கிறது. அந்த நேரமும் படம் எடுக்கத் தொடங்கிய நேரம். கருவி வடக்கிலிருந்து தெற்காக வரி வரியாக வருடி முழு வட்டத்தை முடிக்க 26 நிமிடம் போல எடுக்கும். தமிழ்நாட்டுக்கு வரும்போது பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு பதப்படுத்தி, தளத்தில் ஏற்றி, நீங்கள் எடுத்து, தலைப்புப் போட்டு, திரைக்கு வரும்போது அந்தப் படத்தின் வயது முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்லை. தனி ஒரு இடிமேகத்தின் ஆயுளே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். இறந்த மேகத்தின் படத்தைப் போட்டு ‘நேரலை’ என்று எழுதுவது அப்படித்தான் நடக்கிறது.

இடம் தவறுவது கோள் எங்கிருந்து பார்க்கிறது என்பதால். சாய்வாகப் பார்க்கும்போது உயரமான மேகம் அதன் உண்மையான இடத்துக்குப் பின்னே தள்ளித் தெரியும். 15 கி.மீ. உயர மேகம் சென்னை சென்ட்ரலுக்கு நேர் மேலே நிற்கிறது என்று கொள்ளுங்கள். இன்சாட்-3டிஎஸ் படத்தில் அது 4 கி.மீ. போல வடக்கே தள்ளியிருக்கும். ஒரு பிக்சல்தான், பொறுத்துக்கொள்ளலாம். 45.5 டிகிரியில் நிற்கும் ஐரோப்பிய மீட்டியோசாட்-9 படத்தில் ஏறக்குறைய 14 கி.மீ. கிழக்கே, கடலுக்குள் போய்விடும். 140.7 டிகிரியில் நிற்கும் ஜப்பானின் ஹிமாவாரி-9 படத்திலோ 40 கி.மீ. மேற்கே, திருவள்ளூர் மேல் நிற்பதாகத் தெரியும். ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, பளிச்சென்றும் இருக்கிறது, அதனால் பலருக்கும் அதுதான் பிடிக்கிறது. வங்கக் கடல் புயலுக்கு எடுங்கள், நல்லதுதான். தெருப் பெயர் சொல்லி மழை சொல்ல அதை எடுக்காதீர்கள்.

சிவப்பு இல்லை என்றால் மழை இல்லை என்பதும் தவறு. வடகிழக்குப் பருவத்தில் கடலூர், நாகை, சென்னைக் கரையில் உச்சி மைனஸ் 10, மைனஸ் 20 மட்டுமே உள்ள உயரம் குறைந்த மேகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஏறி மணிக்கணக்காகக் கொட்டுவது உண்டு. அகச்சிவப்புப் படத்தில் வெறும் சாம்பல். அதற்கு ரேடார்தான் சாட்சி. ஆனால் ரேடாருக்கும் எல்லை இருக்கிறது. அரை டிகிரி சாய்வில் புறப்படும் கற்றை, பூமியின் வளைவால் 200 கி.மீ. தாண்டும்போது தரையிலிருந்து 4 கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். சென்னையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பார்த்துத் தருமபுரியின் தாழ்ந்த மேகத்தைப் பிடிக்க முடியாததன் காரணம் இது. கரையில் ரேடாரை நம்புங்கள், உள்மாவட்டத்தில் இடிமேகத்துக்குச் செயற்கைக்கோளை நம்புங்கள்.

மின்னலை இந்த இரண்டுமே பார்க்காது. இன்சாட் வரிசையில் மின்னல் காட்டும் கருவி கிடையாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் தரையில் அமைத்திருக்கும் உணரிகளின் தரவுதான் ‘தாமினி’ செயலியில் வருகிறது. 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் விழுகிறதா என்று அது சொல்லும். மழை தொடங்குமுன்பும், மேகத்தை விட்டுப் பத்து கி.மீ. தள்ளியும் மின்னல் இறங்கும். வயலில் நிற்பவருக்குச் சிவப்புத் திட்டை விட அந்தத் தகவல்தான் முதலில் போக வேண்டும்.

இனி ஓசோன். ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 16 ஓசோன் நாளை ஒட்டி, உலக வரைபடம் ஒன்றைப் போடுவீர்கள். தென்துருவம் கருநீலம். நம் ஊரும் நீலம். ‘தமிழகத்தின் மேலும் ஓட்டையா?’ என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள்.

ஓசோனை டாப்சன் அலகில் அளக்கிறார்கள். தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் கீழே இறக்கி, 0 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில் பரப்பினால் எத்தனை தடிமன் வரும் என்ற கணக்கு. 100 அலகு என்றால் 1 மி.மீ. தமிழ்நாட்டின் மேல் ஆண்டு முழுக்க 240 முதல் 280 அலகு போல இருக்கும், டிசம்பர், ஜனவரியில் குறைந்தும் கோடைக்குப் பின் கூடியும். அதாவது மூன்று மி.மீ.க்கும் குறைவு. ஓட்டை என்று சொல்லும் எல்லை 220 அலகு. அண்டார்க்டிகாவில் செப்டம்பர், அக்டோபரில் அது 100ஐ ஒட்டியும் இறங்கியிருக்கிறது. நம்முடையது குறைவாக இருப்பது இயல்பு. ஓசோன் அதிகம் உண்டாவது வெப்பமண்டலத்தின் மேலேதான் என்றாலும், அங்குள்ள காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கி எடுத்துப் போய்விடுகிறது. போதாததற்கு, நம் ஊரில் மேகங்கள் எழும் கீழடுக்கே 16, 17 கி.மீ. உயரம் வரை நீள்வதால், ஓசோன் தங்கும் அடுக்குக்கு இடம் குறைவு. வரைபடத்தின் அளவுகோல் 100லிருந்து 500 வரை இருக்கும்போது 260 நீலத்தில் விழத்தானே செய்யும்?

மக்களுக்குப் பயன்படும்படி ஒன்று சொல்ல வேண்டுமானால் புற ஊதாக் குறியீட்டைச் சொல்லுங்கள். ஏப்ரலில் தெளிந்த வானில் உச்சிவேளையில் அது நம் ஊரில் 11ஐத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது ‘மிகக் கடுமை’. அதற்குக் காரணம் ஓட்டை அல்ல, தலைக்கு நேர் மேலே நிற்கும் சூரியனும் இயல்பாகவே மெலிந்த ஓசோனும்.

தரவை நேரடியாக எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் அலகு. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி கோளின் கோப்பில் ஓசோன், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மோல் என்று இருக்கும். 0.12 என்று பார்த்துவிட்டு ‘ஓசோன் தீர்ந்துவிட்டது’ என்று பயப்பட வேண்டாம். 2,241ஆல் பெருக்குங்கள், 269 டாப்சன் அலகு வரும். கோப்பிலேயே தரக்குறி ஒன்று இருக்கிறது, 0.5க்குக் கீழே உள்ள பிக்சல்களைத் தள்ளிவிடுங்கள். அந்தக் கோள் நம்மைக் கடப்பது மதியம் ஒன்றரை மணி வாக்கில், நாளுக்கு ஒருமுறை. ஆகவே ‘இன்று மாலை நிலவரம்’ என்று அதைக் காட்ட முடியாது. இன்சாட் ஒலிமானி என்று பெயர் கேட்கிறதே, அந்த 19 அலைவரிசைக் கருவியில் 9.7 மைக்ரோமீட்டரில் ஒன்று ஓசோனுக்கானது. (ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடலின் ஆழம் பார்க்கும் கருவிக்குரிய ‘சவுண்டர்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்த வினை.) அது இரவிலும் பார்க்கும், ஆனால் மேகம் இருந்தால் விட்டுவிடும். இடிமழை நாளில் அந்த வரைபடத்தில் வெள்ளை வெள்ளையாக இடைவெளி விழுவது அதனால்தான். அவை மேகத்தால் விட்டுப்போன இடங்கள். அந்த இடைவெளிகளை வட்டமிட்டு ‘ஓட்டைகள்’ என்று பகிர்வதையும் பார்க்கிறோம்.

இடிமேகமும் ஓசோனும் ஒரே படத்தில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, தெரிந்தவர்கள் கூட அதிகம் பயன்படுத்துவதில்லை. மீட்டியோசாட்-9, ஹிமாவாரி-9 இரண்டிலும் 9.6, 9.7 மைக்ரோமீட்டர் அலைவரிசை இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும்போது, தரையிலிருந்து வரும் சூட்டை நடுவழியில் ஓசோன் விழுங்கிவிட்டுத் தன் குளிர்ந்த வெப்பத்தை மட்டும் வெளியே விடும். அதனால் அந்த அலைவரிசையின் எண், 10.8 மைக்ரோமீட்டர் வெப்ப அகச்சிவப்பின் எண்ணை விட இருபது, முப்பது டிகிரி குறைவாக இருக்கும். இடிமேகம் மைனஸ் 80க்கு எழுந்து கூரையைத் தொட்டால் நிலைமை தலைகீழ். இப்போது மேக உச்சி, மேலே உள்ள ஓசோனை விடக் குளிர்ச்சி. ஆகவே ஓசோன் அலைவரிசையின் எண் கூடுதலாகிவிடும். 9.7இலிருந்து 10.8ஐக் கழித்தால் மைனஸில் இருந்தது பிளஸுக்கு மாறும். நீராவி அலைவரிசையைக் கழித்தாலும் இதே மாதிரி நடக்கும். பரந்து கிடக்கும் சிவப்புத் திட்டில் உண்மையிலேயே உயிரோடு குத்தி எழும் இடம் எது என்று தேட, நிறத்தை விட இந்தக் கழித்தல் கைகொடுக்கும். ஹிமாவாரியில் செய்யும்போது எச்சரிக்கை: சென்னையை அது ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் பார்க்கிறது. அவ்வளவு சாய்வில் காற்றின் தடிமன் கூடி எல்லாமே குளிர்ந்து தெரியும், பல அலைவரிசைகளைக் கலந்து செய்யும் நிறக்கலவைப் படத்தில் நம் பக்கம் ஊதா படிந்திருப்பது அதனால். இதற்கு மீட்டியோசாட்தான் நல்லது.

ஓசோன் அளப்பவர்களும் திருப்பி இடிமேகத்தைப் பயன்படுத்துகிறார்கள். புற ஊதா ஒளியில் அளக்கும் கருவிக்கு இடிமேகத்தின் கீழே உள்ளது தெரியாது. அப்படியானால் உயர்ந்த மேகத்தின் மேல் அளந்தது மேலடுக்கு ஓசோன் மட்டும், பக்கத்தில் மேகமில்லாத இடத்தில் அளந்தது மொத்தம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கீழடுக்கு ஓசோன் கிடைத்துவிடும். வெப்பமண்டலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் இந்த வழியில் சென்டினல்-5பி தரவிலிருந்தும் கீழடுக்கு ஓசோன் கணக்கிடப்படுகிறது. கீழடுக்கில் இருப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். மூச்சில் போவது அதிலும் தரையை ஒட்டிய மிகச் சிறு பகுதி. எனவே சென்னைக் காற்றில் ஓசோன் கூடிவிட்டதா என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு நிலையங்களின் எண்ணைப் பாருங்கள். எட்டு மணி நேரச் சராசரிக்கு எல்லை ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. அங்கே சிவப்பு என்றால் கெடுதல், உலக வரைபடத்தில் சிவப்பு என்றால் கவசம்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. படத்தை வெட்டும்போது ஓரத்தில் இருக்கும் அளவுகோலையும் நேரத்தையும் சேர்த்து வெட்டாதீர்கள். தவறிப்போய் வெட்டிவிட்டால், எந்தக் கோள், எந்த அலைவரிசை, இந்திய நேரம் என்ன என்று ஒரு வரியில் நீங்களே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்துப் போடாதீர்கள், அது எந்த நாளின் படம் என்பதே பெரும்பாலும் தெரியாது. செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் ‘ரெட்’ என்ற சொல்லே வேண்டாம், அந்தச் சொல் ஆய்வுத் துறையின் எச்சரிக்கைக்கு மட்டும் இருக்கட்டும். நகரும் திசை சொல்லுமுன் ரேடாரிலோ, கூர்மையான விளிம்பிலோ ஒருமுறை சரிபாருங்கள். ஏப்ரல், மே கோடை இடி தொடங்குமுன் மேசைக்கு ஒருவர் இதைப் பழகிவிட்டாலே போதும்.

திரையில் எழுத ஒரு மாதிரி வரியும் தருகிறோம்: ‘மேக உச்சி மைனஸ் 43 டிகிரி, கால் மணியில் 19 டிகிரி குளிர்ந்தது. இன்சாட்-3டிஎஸ், மதியம் 3.00. திருவண்ணாமலை, ராணிப்பேட்டை மாவட்டங்களில் அடுத்த ஒரு மணி நேரத்தில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு. மழை அளவு இதில் தெரியாது. வயலில், வெட்டவெளியில் இருப்போர் இப்போதே உள்ளே வரவும்.’

இப்படிக்கு,
செயற்கைக்கோள் தரவோடு தினமும் வேலை செய்யும் சிலர்